சராசரி ஏறியிருக்கிறது, இடைவெளியும் கூடியிருக்கிறது: இதை வெற்றி என்று எழுதலாமா?

களப்பணி22 (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். பிபி, சுகர் பரிசோதனை முகாம் நடத்தும் ஒரு குழுவில் மூன்று வருடமாக இருக்கிறேன். ஆண்டறிக்கை எழுத உட்கார்ந்து இரண்டு நாள் ஆகிறது. முதல் வரியே நகரவில்லை.

மொத்தமாகப் பார்த்தால் நல்ல செய்திதான். பிபி கட்டுக்குள் இருப்பவர்கள் முதல் வருடத்தைவிடக் கூடியிருக்கிறார்கள். ஆனால் இந்த முறை வேலை வாரியாகப் பிரித்துப் பார்த்தோம். நிரந்தர வேலையில் இருப்பவர்களிடம் நன்றாக ஏறியிருக்கிறது. தினக்கூலிக்காரர்கள், ஒப்பந்த ஊழியர்களிடம் மூன்று வருடத்துக்கு முன் எங்கே இருந்ததோ அங்கேயே நிற்கிறது. அந்த இடைவெளியைக் கூட்டியது நாங்கள்தானோ என்று தோன்ற ஆரம்பித்துவிட்டது.

ஒரு சம்பவம். கடைசி முகாமில் ஐந்து மணிக்கு மேசையை மடக்கிக்கொண்டிருந்தோம். துப்புரவு வேலை செய்யும் ஓர் அக்கா மூச்சு வாங்க ஓடி வந்தார். "முடிஞ்சிருச்சா?" பெட்டியில் வைத்த கருவியை மறுபடி வெளியே எடுத்தேன். கை இன்னும் ஈரமாகவே இருந்தது, சோப்பு வாசனை. கைப்பட்டையைச் சுற்றிப் பார்த்தால் 178/104. ஓடி வந்ததால் ஏறியிருக்கலாம், ஐந்து நிமிடம் உட்காருங்கள், மறுபடி பார்க்கலாம் என்றேன். "உக்கார நேரமில்லப்பா, இன்னொரு வீடு இருக்கு" என்று எழுந்துவிட்டார். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு மருத்துவரைப் பாருங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தேன். நான்காக மடித்துப் போன் உறைக்குள் செருகிக்கொண்டார். அவர் போன பிறகுதான் உறைத்தது. செவ்வாய் காலை பத்து மணிக்கு அவர் எங்கே இருப்பார்? வேலையில்தான்.

எங்கள் பதிவேட்டில் அவர் 'பரிந்துரைக்கப்பட்டவர்'. அதாவது எங்கள் கணக்கில் அவரும் ஒரு வெற்றி.

இதை எப்படி எழுதுவது, அடுத்த வருடம் எதை மாற்றுவது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

எண்ணும்_எழுத்தும்

முதலில் 'இடைவெளி' என்று எதைச் சொல்கிறோம் என்பதைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். கழித்துப் பார்க்கிறீர்களா, வகுத்துப் பார்க்கிறீர்களா? இரண்டும் எதிரெதிரான விடை தரலாம்.

ஒரு கற்பனைக் கணக்கு. வசதியானவர்களில் ஆயிரத்துக்கு 4 பேர் இறக்கிறார்கள், வசதி குறைந்தவர்களில் 10 பேர். சில வருடம் கழித்து அது 2 ஆகவும் 7 ஆகவும் குறைகிறது. கழித்தால் 6 ஆக இருந்த வித்தியாசம் 5 ஆகிவிட்டது, இடைவெளி குறைந்தது என்று ஒருவர் எழுதுவார். வகுத்தால் இரண்டரை மடங்காக இருந்தது மூன்றரை மடங்காகிவிட்டது, கூடியது என்று இன்னொருவர் எழுதுவார். இருவரும் பொய் சொல்லவில்லை. வசதி குறைந்தவர்களில்தான் அதிக உயிர்கள், ஆயிரத்துக்கு 3, காப்பாற்றப்பட்டிருக்கின்றன என்பதையும் மறக்கக் கூடாது. அதனால் அறிக்கையில் இரண்டையும் போடுங்கள், பக்கத்திலேயே ஒவ்வொரு பிரிவின் நேரடி எண்ணையும் போடுங்கள்.

ஆனால் நீங்கள் சொல்வது வேறு. ஒரு பிரிவு ஏறியது, இன்னொன்று அசையவே இல்லை. எப்படிக் கணக்குப் போட்டாலும் அது இடைவெளி கூடியதுதான். உங்கள் மனசு தப்பாகச் சொல்லவில்லை.

இது உங்கள் குழுவுக்கு மட்டும் நேர்ந்ததும் அல்ல. பிரேசில் நாட்டுக் குழந்தைகள் நலத் தரவுகளை வைத்து செசார் விக்டோரா என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் 2000இல் இதை ஒரு கருதுகோளாகவே எழுதினார்கள். புதிதாக எந்த நலத்திட்டம் வந்தாலும் முதலில் அதை எட்டிப் பிடிப்பவர்கள் ஏற்கெனவே நன்றாக இருப்பவர்கள்தான். அதனால் ஆரம்பத்தில் இடைவெளி கூடும். மேலே இருப்பவர்கள் இனி ஏற இடமில்லை என்ற நிலைக்கு வந்த பிறகுதான் கீழே இருப்பவர்கள் நெருங்க ஆரம்பிப்பார்கள்.

---

தனிவழி

மனம் நோகும்படி எழுத விரும்பவில்லை, ஆனால் இதையும் யாராவது கேட்க வேண்டும். முகாம் இலவசம், வீட்டுக்குப் பக்கத்திலேயே நடக்கிறது. அதற்கும் வரவில்லை என்றால் அது அவரவர் முடிவுதானே? என் அப்பா மூட்டை தூக்கிப் பிழைத்தவர். ஒரு நாளும் புகையைத் தொட்டதில்லை. 81 வயது வரை தன் காலில் நடந்தார். ஒழுங்காக இருந்தால் எந்த வேலையில் இருந்தாலும் உடம்பு நிற்கும் என்பதைக் கண்ணால் பார்த்தவன் நான்.

---

மேசைவேலை

தனிவழி, உங்கள் அப்பாவை வணங்குகிறேன். அப்படி ஒருவர் இருந்தார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவருடன் மூட்டை தூக்கிய நூறு பேரில் எத்தனை பேர் 81ஐப் பார்த்தார்கள் என்பதுதான் இந்த இழையின் கேள்வி.

நீங்கள் சொல்லும் வாதத்தை நேராகச் சோதித்த ஆய்வு ஒன்று உண்டு. லண்டனில் 1967இல் தொடங்கிய வைட்ஹால் ஆய்வு. ஏறத்தாழ 18,000 ஆண் அரசு ஊழியர்கள். யாரும் வேலை இல்லாதவர் இல்லை, யாரும் பட்டினி இல்லை, எல்லோருக்கும் அரசு மருத்துவம் உண்டு. அப்படியிருந்தும் மாரடைப்பு போன்ற இதய நோயால் கடைநிலை ஊழியர்கள் இறந்த விகிதம் உயர் அதிகாரிகளைப்போல மூன்று மடங்குக்கும் மேல். கீழ்ப்படியில் புகைப்பவர்கள் அதிகம்தான். ஆனால் புகை, பிபி, கொழுப்பு எல்லாவற்றையும் கணக்கில் கொண்ட பிறகும் அந்த வித்தியாசத்தில் பாதிக்கும் மேல் அப்படியே மிச்சம் இருந்தது.

என்னை உலுக்கியது அது அல்ல. மேலிருந்து இரண்டாவது படியில் இருந்தவர்கள்கூட முதல் படியைவிட மோசமாக இருந்தார்கள். அவர்களை யாரும் ஏழை என்று சொல்ல மாட்டார்கள். வறுமைக் கோடு என்று ஒன்றை இழுத்து, கோட்டுக்குக் கீழே நோய், மேலே நலம் என்று பிரிக்க முடியாது. ஏணி மாதிரி, ஒவ்வொரு படிக்கும் ஒரு வித்தியாசம்.

1985இல் பெண்களையும் சேர்த்து இரண்டாவது ஆய்வு தொடங்கியது. அதில் தெரிந்தது, தன் வேலையை எப்படிச் செய்வது, எப்போது செய்வது என்று முடிவு செய்யும் உரிமை குறைவாக இருப்பவர்களுக்கு இதய நோய் அதிகம். களப்பணி22 சொன்ன அந்த அக்காவை நினைத்துப் பாருங்கள். ஐந்து நிமிடம் உட்காருவதா வேண்டாமா என்பதுகூட அவர் கையில் இல்லை. அதை எப்படி அவருடைய முடிவு என்பீர்கள்?

---

இரவுப்பணி

நான் செவிலியர். அறுவைச் சிகிச்சை வார்டில் நைட் ஷிப்ட்.

சுகர் புண்ணோடு ஒருவர் சேர்ந்தார். காவலாளி வேலை, ஒரு ஷிப்டுக்குப் பன்னிரண்டு மணி நேரம். வலது கால் கட்டைவிரலுக்குக் கீழே ஒரு சின்னக் குழி. உணர்ச்சி மரத்துப்போன கால், அதனால் வலியே தெரியவில்லை. ஷூவுக்குள் ஒரு கல் இருந்திருக்கிறது, எத்தனை நாளாக இருந்தது என்று அவருக்கே தெரியாது. தினமும் டிரெஸ்ஸிங் செய்தோம். புண் நன்றாகச் சுருங்கி, ஓரத்தில் இளஞ்சிவப்பாகத் தோல் ஏற ஆரம்பித்தது. டிஸ்சார்ஜ் சீட்டில் "காலை ஊன்றக் கூடாது, உயர்த்தி வைத்து ஓய்வெடுக்கவும்" என்று எழுதிக் கொடுத்தோம். நானே படித்துக் காட்டினேன். சரி சிஸ்டர் என்று தலையாட்டினார்.

நிற்பதுதான் அவர் வேலை. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் படித்துக் காட்டினேன்.

ஐந்து வாரத்தில் திரும்பி வந்தார். இந்த முறை இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. கேஸ் ஷீட்டில் ஒரு வார்த்தை எழுதப்பட்டிருந்தது: "ஒத்துழைக்காதவர்". அந்த ஒரு வார்த்தை என்னை இன்னும் அறுக்கிறது. அவர் எதற்கு ஒத்துழைக்கவில்லை? உட்கார்ந்தபடி பார்க்கும் வேலை ஒரு மாதத்துக்குக் கிடைக்குமா என்று நாங்கள் யாரும் ஒரு போன்கூடப் போடவில்லை. ஒரு நாற்காலி, அவ்வளவுதான் அந்த விரல்களுக்கும் அவருக்கும் நடுவில் இருந்தது.

தனிவழி அண்ணா, உங்கள் மேல் கோபம் இல்லை. வார்டில் எங்களில் பலரும் அப்படித்தான் பேசுகிறோம்.

---

ஈரச்சுவர்

படித்துவிட்டு அழுதுவிட்டேன் சிஸ்டர்.

என் மகனுக்கு ஆஸ்துமா. நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில் அவன் படுக்கைக்குப் பக்கத்துச் சுவர் எப்போதும் ஈரம். கை வைத்தால் சில்லென்று ஒட்டும். கரும்புள்ளியாகப் பூஞ்சை படரும். வீட்டுக்காரரிடம் சொன்னால் மேலே பெயிண்ட் அடித்துக் கொடுப்பார். இரண்டு மாதத்தில் அதே இடத்தில், அதே வடிவத்தில் மறுபடி வரும். மருத்துவமனைக்குப் போகும்போதெல்லாம் இன்ஹேலரை எப்படி இழுக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பார்கள். அவன் சரியாகத்தான் இழுப்பான். ஒருவர்கூட வீடு எப்படி இருக்கிறது என்று கேட்டதில்லை.

வேறு வீடு மாறினோம், கடன் வாங்கித்தான். இப்போது அவசர இன்ஹேலரை மாதத்துக்கு ஒருமுறை தேடினால் அதிகம். பழைய வீட்டில் இப்போது வேறொரு குடும்பம் இருக்கிறது. அவர்களுக்கும் சின்னக் குழந்தை.

---

மேசைவேலை

ஈரச்சுவர், நீங்கள் எழுதியதைத்தான் உலக சுகாதார நிறுவனம் அமைத்த ஆணையம் 2008இல் அறிக்கையாகவே கொடுத்தது. மைக்கேல் மார்மட் தலைமை. பிறக்கும் இடம், வளரும் வீடு, செய்யும் வேலை, முதுமையைக் கழிக்கும் சூழல், இவைதான் யார் எவ்வளவு காலம் வாழ்வார்கள் என்பதைப் பெருமளவு தீர்மானிக்கின்றன என்றது அது. அதில் வரும் ஓர் ஒப்பீடு: ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ வட்டாரத்தில் கால்ட்டன் பகுதி ஆண்களின் ஆயுள் எதிர்பார்ப்பு 54, சில மைல் தள்ளி லென்சியில் 82. ஒரே நாடு, ஒரே மருத்துவ அமைப்பு, 28 வருட வித்தியாசம்.

செவிலியர் அக்கா சொன்னதற்கும் பெயர் உண்டு. வேல்ஸில் சுரங்கத் தொழிலாளர் ஊரில் மருத்துவராக இருந்த ஜூலியன் டியூடர் ஹார்ட் 1971இல் எழுதினார், மருத்துவம் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்குத்தான் அது குறைவாகக் கிடைக்கிறது என்று. 'தலைகீழ் பராமரிப்பு விதி' என்று அதற்குப் பெயர் வைத்தார். மருத்துவம் சந்தைக்குத் திறந்துவிடப்படும் இடங்களில் இது இன்னும் கடுமையாக இருக்கும் என்றும் சொன்னார்.

---

எண்ணும்_எழுத்தும்

பழைய எண்ணை யாராவது கொண்டுவருவதற்கு முன் ஓர் எச்சரிக்கை. 1842இல் பிரிட்டனின் சுகாதாரச் சீர்திருத்தவாதி எட்வின் சாட்விக், லிவர்பூல் நகரத்தில் மேட்டுக்குடியினர் இறக்கும் சராசரி வயது 35, கூலித் தொழிலாளர்கள் 15 என்று எழுதினார். இதைப் படித்தால் தொழிலாளர்கள் எல்லோரும் பதினைந்து வயதில் செத்தார்கள் என்று தோன்றும். அப்படியல்ல. அவர்கள் வீட்டுக் கைக்குழந்தைகள் அவ்வளவு பேர் இறந்தார்கள், அதுதான் சராசரியை 15க்கு இழுத்தது. சராசரி எதை மறைக்கிறது என்று எப்போதும் கேட்க வேண்டும். களப்பணி22இன் சராசரி அந்த அக்காவை மறைத்தது மாதிரி.

---

தனிவழி

எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். அந்த நாற்காலி விஷயம் என் வாயை அடைத்துவிட்டது. அப்பாவுடன் வேலை பார்த்தவர்களையும் யோசித்துப் பார்த்தேன். முதுகு போய் நாற்பதிலேயே வீட்டில் விழுந்தவர்கள் மூன்று பேர் உடனே நினைவுக்கு வந்தார்கள். அவர்களை நான் கணக்கிலேயே வைக்கவில்லை.

ஆனாலும் என் கேள்வி முடியவில்லை. வீடு, வேலை, கூலி எல்லாம் மாறினால்தான் உடம்பு மாறும் என்றால், அது மாறும் வரை களப்பணி22 என்ன செய்வது? இவரிடம் ஒரு பிபி கருவியும் ஒரு மடக்கு மேசையும்தான் இருக்கிறது. "சமூகம் மாறட்டும்" என்பது கையைக் கட்டிக்கொண்டு உட்காருவதற்கு நல்ல சாக்காகிவிடாதா?

---

இரவுப்பணி

நியாயமான கேள்வி. நானும் அதைத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

---

மேசைவேலை

இதற்கு விரிவாகவே எழுத வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அறிவுரையை மட்டும் நம்பும் திட்டங்கள்தான் இடைவெளியை அதிகம் கூட்டுகின்றன. அறிவுரையைக் கேட்டு நடக்க நேரம், காசு, நிம்மதி எல்லாம் வேண்டும். அது இருப்பவர்கள்தான் அதைப் பயன்படுத்திக்கொள்வார்கள். ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமினை உதாரணமாகப் பாருங்கள். கருத்தரிப்பதற்கு முன்பே மாத்திரை போட்டால் குழந்தையின் தண்டுவடக் குறைபாடு குறையும். ஆனால் திட்டமிட்டுக் கருத்தரித்து, முன்கூட்டியே மாத்திரை வாங்கிப் போடுபவர்கள் யார்? அமெரிக்கா 1998இல் மாவிலேயே அதைச் சேர்ப்பதைக் கட்டாயமாக்கியது. யாரும் எதையும் நினைவு வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. அந்தக் குறைபாடுகள் குறைந்தன. குழாய்த் தண்ணீரில் குளோரின், பெட்ரோலில் இருந்து ஈயத்தை நீக்கியது, எல்லாம் இந்த வகை. படித்தவர், படிக்காதவர் பார்க்காமல் போய்ச் சேரும்.

பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வாளர் ஜெஃப்ரி ரோஸ் 1985இல் எழுதிய கட்டுரை இந்தத் துறையில் பலரை மாற்றியது. பிபி மிக அதிகமாக இருக்கும் சிலரை மட்டும் தேடிப் பிடித்து மருந்து கொடுப்பதைவிட, எல்லோருடைய பிபியும் கொஞ்சம் இறங்கினால் அதிக உயிர்கள் காப்பாற்றப்படலாம். ஏனென்றால் நடுத்தர ஆபத்தில் இருப்பவர்கள்தான் எண்ணிக்கையில் மிக அதிகம், பக்கவாதமும் மாரடைப்பும் பெரும்பாலும் அந்தக் கூட்டத்திலிருந்துதான் வருகின்றன. பின்லாந்தின் வடக்குக் கரேலியாவில் 1972இல் அப்படித்தான் தொடங்கினார்கள். மருத்துவமனையோடு நிற்காமல் கடை, பள்ளி, பெண்கள் சங்கம், உணவு தயாரிப்பவர்கள் என்று எல்லோரையும் இழுத்தார்கள். வேலை செய்யும் வயதில் உள்ள ஆண்கள் இதய நோயால் இறப்பது அடுத்த 35 வருடத்தில் 80%க்கும் மேல் குறைந்தது. அந்தக் காலத்தில் நாடு முழுக்கவும் குறைந்ததுதான், முழுப் பெருமையும் அந்த ஒரு திட்டத்துக்குச் சேராது. ஆனாலும் ஒரு மாகாணமே தன் உடம்பை மாற்றிக்கொள்ள முடியும் என்று அது காட்டியது.

எல்லோருக்கும் கொடுத்தாலே போதுமா என்றால், போதாது. மார்மட் 2010இல் இங்கிலாந்துக்காக எழுதிய அறிக்கையில் சொன்னது எனக்குச் சரியாகப் படுகிறது: எல்லோருக்கும், ஆனால் தேவை கூடக் கூட அதிகமாக. ஏழைகளுக்கு மட்டும் என்று ஒதுக்கினால் அந்தச் சேவைக்கு முத்திரை விழும், தரம் இறங்கினால் கேட்க ஆள் இருக்காது. எல்லோருக்கும் ஒரே அளவு என்றால் முந்தி வருபவர் எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

---

எண்ணும்_எழுத்தும்

அறிவுரை பற்றி ஒரு சின்னத் திருத்தம். அறிவுரை வீண் இல்லை. 1990களின் தொடக்கத்தில் பிரிட்டனில் கைக்குழந்தையைக் குப்புறப் போடாதீர்கள், மல்லாக்கத் தூங்க வையுங்கள் என்று பிரசாரம் நடந்தது. தூக்கத்தில் நேரும் திடீர் மரணங்கள் பாதிக்கும் மேல் குறைந்தன. ஏழை வீட்டிலும் குறைந்தன. ஆனால் மிச்சம் இருந்த மரணங்கள் முன்பைவிட ஏழை வீடுகளில்தான் குவிந்தன. அந்தப் பிரசாரம் வேண்டாம் என்று யாராவது சொல்வோமா? மாட்டோம். முதல் கட்டம் வெற்றி, இரண்டாவது கட்டம் பாக்கி என்றுதான் எழுதுவோம். களப்பணி22க்கும் அந்த வரி பொருந்தும் என்று நினைக்கிறேன்.

---

தனிவழி

புகையிலை வரி? விலை ஏறினால் ஏழைதானே நசுங்குவான்?

---

எண்ணும்_எழுத்தும்

இரண்டு பக்கமும் உண்மை. சிகரெட் விலை 10% ஏறினால் விற்பனை வசதியான நாடுகளில் ஏறக்குறைய 4%, வருமானம் குறைந்த நாடுகளில் 5% குறைகிறது. ஒரே நாட்டுக்குள்ளும் பொதுவாக வருமானம் குறைந்தவர்கள்தான் அதிகம் விடுகிறார்கள். அதனால் நோயின் இடைவெளியைக் குறைக்கும் சில கருவிகளில் அதுவும் ஒன்று. ஆனால் விட முடியாமல் தொடர்பவர் வீட்டில் காசு முன்பைவிட அதிகமாகக் கரைகிறது. வரியைப் போட்டுவிட்டு, விட உதவும் சிகிச்சையை அந்த மக்களுக்கே இலவசமாகக் கொண்டுபோகாமல் இருப்பது தப்பு. வரி மட்டும் போதும் என்று நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

---

ஈரச்சுவர்

களப்பணி, நான் படித்தவள் இல்லை, ஒன்று மட்டும் சொல்கிறேன். வராதவர்களிடம் ஏன் வரவில்லை என்று கேட்டீர்களா? எங்களை யாரும் கேட்டதில்லை.

---

களப்பணி22

ஈரச்சுவர் அக்கா, கேட்கவில்லை. மூன்று வருடத்தில் ஒரு முறைகூட இல்லை. வந்தவர்களிடம் மட்டும்தான் கருத்துப் படிவம் கொடுத்தோம். நீங்கள் எழுதிய மறுநாளே குழுவில் இதை எடுத்தேன்.

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். இடைப்பட்ட காலத்தில் வராதவர்களைத் தேடிப் போனோம். விழிப்புணர்வு இல்லை என்ற பதில் ஏறக்குறைய வரவே இல்லை. வந்த பதில்கள்: அந்த நேரம் வேலை. அரை நாள் போனாலும் முழு நாள் கூலி போகும். போன முறை மாத்திரை பதினைந்து நாளுக்குத்தான் கொடுத்தீர்கள், மறுபடி வர முடியவில்லை. ஒரு பெரியவர் சொன்னார், "வரிசையில நின்னா எங்கள கடைசியா கூப்பிடுறீங்க." அது உண்மையா என்று டோக்கன் புத்தகத்தைப் பார்த்தோம். போன் மூலம் முன்பதிவு செய்தவர்களுக்கு முன்னுரிமை என்று நாங்களே விதி வைத்திருந்தோம்.

விதியை எடுத்தாயிற்று. மாலை ஆறரை முதல் ஒன்பது வரை இரண்டு நாள் வைத்திருக்கிறோம். பிபி நிலையாக இருப்பவர்களுக்கு மாத்திரையை இரண்டு மாதத்துக்குச் சேர்த்துக் கொடுக்க மருத்துவர் ஒப்புக்கொண்டார். பகல் முகாம்களை நிறுத்தவில்லை, ஆனால் ஆட்களில் பாதிப்பேரை மாலைக்கு மாற்றிவிட்டோம். வழக்கமாக வருபவர்களில் சிலருக்கு வருத்தம்தான். அவர்களுடைய காத்திருப்பு நேரம் கூடியிருக்கிறது.

அறிக்கையில் 'பரிந்துரைக்கப்பட்டவர்' என்ற பத்தியையே தூக்கிவிட்டோம். அதற்குப் பதில் 'மருத்துவரைப் பார்த்தவர்', 'மூன்று மாதம் கழித்தும் மாத்திரை எடுப்பவர்' என்று இரண்டு பத்தி, வேலை வாரியாக. எண்ணும்_எழுத்தும் சொன்னபடி கழித்ததும் வகுத்ததும் இரண்டும் போட்டிருக்கிறேன். முதல் வரியில், கூலி வேலை செய்பவர்களிடம் நாங்கள் இன்னும் போய்ச் சேரவில்லை என்று எழுதினேன். குழுவில் இருவர் அதை மாற்றச் சொன்னார்கள். மாற்றவில்லை.

அந்தத் துப்புரவு அக்கா நேற்று ஏழரைக்கு வந்தார். பத்து நிமிடம் உட்கார வைத்துப் பார்த்தோம், 166/100. இரண்டாவது முறையும் கிட்டத்தட்ட அதேதான். மருத்துவர் பார்த்து மாத்திரை தொடங்கினார். போன் உறைக்குள் அந்தப் பழைய சீட்டு இன்னும் இருந்தது, மடிப்பில் கிழிந்துபோய். தன்னுடன் வேலை செய்யும் நான்கு பேரை அழைத்து வரட்டுமா என்று கேட்டார். ஆனால் அவர்கள் இரவு வேலைக்காரர்கள், மாலையிலும் வர முடியாதாம். வேலை கொடுக்கும் ஒப்பந்தக்காரரிடம் பேசி, ஷிப்ட் தொடங்கும் இடத்துக்கே கருவியைக் கொண்டுபோக அனுமதி கேட்டிருக்கிறோம். அவர் இன்னும் பதில் சொல்லவில்லை.

---

இரவுப்பணி

எத்தனை மணிக்கு ஷிப்ட் மாறுகிறது? என் வார இறுதி விடுமுறையில் வருகிறேன். கால்களையும் பார்த்துவிடலாம்.